மாரியில் இறுகிய முன்கதவு

திருகோணமலையில் கடலுக்குக் கிட்ட வீடு. வாடைக்காற்று தொடங்கினால் முன்கதவு நிலையோடு இறுகி, கீழ்மூலை தரையில் உரசும். பிணைச்சல் திருகாணிகளை இறுக்கியும் சரிவரவில்லை. ஓடாவி பக்கவிளிம்பைச் சீவினார். கோடையில் மரம் சுருங்கி நீக்கல் விழுந்தது, அடுத்த மாரியில் திரும்பவும் இறுக்கம்.

கதவைக் கழற்றிப் படுக்கப்போட்டபோதுதான் காரணம் தெரிந்தது. அடிவிளிம்பில் வார்னிஷே இல்லை, வெறும் மரம். கதவின் இரு பக்கமும் நிற்கும் நெடுஞ்சட்டங்களின் வெட்டுமுகம், அதாவது மரநார் குறுக்கே அறுபட்ட முனை, அங்கேதான் இருக்கிறது. தண்ணீரை அதிகம் உறிஞ்சுவதும் அதுதான். வெயில் காலத்தில் நன்றாகக் காயவிட்டு, அடிக்கும் தலைக்கும் 3 பூச்சு வார்னிஷ், பக்கங்களில் 3 மில்லிமீற்றர் இடைவெளி. துருப்பிடித்த பிணைச்சலுக்குப் பதில் பித்தளை; திருகாணியும் பித்தளையே, இரும்பென்றால் உப்புக்காற்றில் இன்னும் கெதியாக அரிக்கும். பெரிய நிம்மதி.

புதுக்கதவு எடுப்பவர்கள் தேக்கா முதிரையா என்று கேட்கமுன் அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள்.