நஸ்தலீக் எழுத நாணல் பேனா வெட்டுவது எப்படி?

நஸ்தலீக் என்ற பாரசீக எழுத்தைப் பழக ஆரம்பித்த முதல் மாதம், ஒவ்வொரு கோட்டின் ஓரமும் பிசிறு பிசிறாகவே வந்தது. கை பழகவில்லை என்று நினைத்துப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். கோளாறு பேனா நுனியில் இருந்தது.

முதலில் நாணல். ஈரானில் குஜிஸ்தான் மாகாணத்து தெஸ்ஃபூல் நாணலுக்குத்தான் பேர். அடர் பழுப்பு நிறம், நல்ல கெட்டி. நம் கலம்காரியின் பெயரில் இருக்கும் ‘கலம்’ இந்தப் பேனாவைக் குறிக்கும் பாரசீகச் சொல்தான்.

நுனியைச் சரிவாகச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை வழித்து எடுங்கள். இரண்டு பக்கமும் செதுக்கி வேண்டிய அகலத்துக்குக் கொண்டுவந்து, நடுவில் சின்னதாக ஒரு கீறல் போடுங்கள்.

இனிமேல்தான் நான் சறுக்கிய இடம். கடைசி வெட்டை ‘கத்’ என்பார்கள். நான் நுனியை மரப்பலகையில் வைத்துக் கத்தியை முன்னும் பின்னும் இழுத்து அறுத்தேன். மரம் மெத்தென்று அமுங்கியது, நார் கிழிந்தது. அடியில் எலும்பு போலக் கடினமான துண்டு வேண்டும். ஈரானியர் வைத்திருப்பது ‘கத்ஸன்’. நுனியை அதன்மேல் கிடத்தி, கத்தியைச் சற்றே சாய்வாக வைத்து, ஒரே அழுத்து. ‘டக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, மறுபடி வெட்டுங்கள்.

மைக்கு, விளக்குக்கரியும் பிசினும் சேர்ந்ததையே வாங்குங்கள். ஃபவுண்டன் பேனா மை வேண்டவே வேண்டாம், நீர்த்து ஓடும். மைக்கூட்டில் பட்டு இழைகளைச் சுருட்டிப் போட்டு, அது ஊறும் அளவுக்கு மட்டும் மை ஊற்றுங்கள். பேனாவைப் பட்டில் மெல்லத் தொட்டு எடுத்தால் சொட்டு விழாது.

சரி, சோதனை. பேனாவை அதன் அகலத்துக்கு இழுத்தால் சாய்ந்த கட்டம் ஒன்று விழும். அதுதான் புள்ளி, அளவுகோலும் அதுவே. மூலையோடு மூலை தொட மூன்று புள்ளிகளை அடுக்கினால் நஸ்தலீக்கில் முதல் எழுத்தான அலிஃபின் உயரம். புள்ளியின் நான்கு ஓரமும் கூர்மையாக இருந்தால் வெட்டு சரி.

பிற்சேர்க்கை: வெட்டு சரியாக இருந்தும் மை பரவுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். அது தாளின் குறை. பழைய பாரசீகச் சுவடிகளின் தாளுக்குக் கஞ்சி போட்டு, காய்ந்ததும் அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தக் கஞ்சிப் பூச்சுக்கு ‘ஆஹார்’ என்று பெயர். சேலைக்குப் போடுவது போல நீர்க்கக் காய்ச்சிய கஞ்சியைத் தடவி, நன்றாகக் காயவிட்டு, வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்துப் பாருங்கள். மை மேலேயே நிற்கும். எழுத்து தவறினால் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு அதே இடத்தில் திரும்ப எழுதலாம்.