அறிகுறிகளை எடுத்துச் சொல்வதில் நடக்கும் தவறுகள்

சோர்வு, எடை குறைவு, பசியின்மை, இருமல் என்று பதினைந்து அறிகுறிகளை ஒரே நோய் விழிப்புணர்வுத் துண்டறிக்கையில் அடுக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இருமல் யாருக்குத்தான் வராது? கால அளவைச் சேர்த்துச் சொன்னால்தான் அது பயன்படும். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் என்றால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் என்றால் பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்ட வேண்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் 'தொடர்ந்து இருந்தால் பாருங்கள்' என்று எழுதிவிடக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் சிறுநீரில் ரத்தம் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் வரும். நின்றுபோனதும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். ஒரே ஒருமுறை ரத்தம் வந்தாலும், வலியே இல்லாவிட்டாலும் பரிசோதனை தேவை. மாதவிடாய் முற்றிலும் நின்றபின் வரும் உதிரப்போக்கும் அப்படித்தான்.

வலி இல்லையே என்ற நிம்மதிதான் பலரைத் தாமதிக்க வைக்கிறது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. தொழுநோய்த் தேமல் பொதுவாக அரிப்பதுமில்லை. அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். இதைத் தனியாக, பெரிய எழுத்தில் சொல்லுங்கள்.

முற்றிய நோயின் கோரப் படங்களைப் போடுவது இன்னொரு தவறு. வாயில் சிறிய வெள்ளைத் திட்டு உள்ளவர் அதைப் பார்த்து, 'நமக்கு இப்படி இல்லை' என்று நகர்ந்துவிடுவார். தொடக்க நிலைப் படங்களே வேண்டும், அதுவும் பார்ப்பவர்களின் தோல் நிறத்தை ஒத்த உடலில்.

பக்கவாதத்தில் நாள் கணக்கு கிடையாது. முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல், இவற்றில் ஒன்று திடீரென வந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். எனவே அந்த நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பது ஆபத்து: மூளையில் இருப்பது ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும்.

எங்கே போவது, என்ன பரிசோதனை கேட்பது என்று எழுதாத சுவரொட்டி பாதி வேலைதான். அதைவிட மோசம், அங்கிருக்கும் ஊழியர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் பிரசாரத்தைத் தொடங்குவது. இருமலோடு வந்தவரை வெறும் மருந்துப் புட்டியோடு திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வருவது கடினம்.

கடைசியில் எத்தனை துண்டறிக்கை கொடுத்தோம் என்று எண்ணுவதில் பயனில்லை. முதல் அறிகுறிக்கும் பரிசோதனைக்கும் இடையே எத்தனை நாள் போனது என்பதைப் பதிவு செய்து, அது குறைகிறதா என்று பாருங்கள்.