தாலிக்குப் பின் காதல்: குடும்ப நாவலில் நெருக்கத்தை எபி எபியாக வளர்ப்பது எப்படி?

தமிழில் இன்று தொடராக வரும் காதல் நாவல்களில் கல்யாணத்துக்குப் பிறகு காதல் பிறக்கும் கதைகளுக்குத் தனி இடம் உண்டு. பெரியவர்களின் கட்டாயம், கடைசி நிமிடத்தில் மாறிய மாப்பிள்ளை, ஒப்பந்தக் கல்யாணம் என்று எந்த வழியில் ஆரம்பித்தாலும் ஐந்தாறு எபிசோடுக்குள், அதாவது எபிக்குள், எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேரும். தாலி ஏறிவிட்டது, ஒரே அறை, ஆனால் இரண்டு பேரும் அந்நியர்கள். இங்கேதான் பல கதைகள் திணறுகின்றன. பத்தாவது எபியிலேயே எழுத விஷயம் தீர்ந்துபோய், பழைய காதலி, சொத்துக்கு அலையும் சித்தப்பா, ஆக்சிடென்ட் என்று சம்பவங்கள் வந்து விழ ஆரம்பிக்கும். சம்பவம் கூடினாலும் கதை நின்ற இடத்திலேயே நிற்கும். நேற்றைவிட இன்று இவர்கள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் வாசகர் அடுத்த எபியைத் திறக்கிறார். அந்தத் தூரம் மாறாவிட்டால் ஆக்சிடென்ட்டும் வேகம் தராது.

முதலில் இரண்டு காயங்கள்

எழுத உட்காரும் முன் இரண்டு வரி போதும்: இவனுக்கு எதில் பயம், இவளுக்கு எதில் பயம். இரண்டும் ஒன்றோடொன்று உரச வேண்டும். தனித்தனியாக எவ்வளவு சோகமாக இருந்தாலும், உரசாத காயங்கள் கதைக்குப் பயன்படாது.

ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். பிரபு திருப்பூரில் சின்ன நிட்டிங் யூனிட் நடத்துகிறான். அப்பா கடனில் நொடிந்ததைப் பார்த்து வளர்ந்தவன், பணக்கஷ்டத்தை வீட்டில் வாய் திறந்து சொல்லாதவன். சுகன்யா ஈரோட்டில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறாள், தினமும் ரயிலில் போய்வருகிறாள். அவள் அம்மாவின் நகைகளை அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் விற்றதைச் சின்ன வயதில் பார்த்தவள். அவனுக்குச் சொல்லப் பயம், அவளுக்குச் சொல்லாமல் செய்துவிடுவார்களோ என்று பயம். இந்த இரண்டு வரியிலிருந்தே கதையின் பெரிய உடைவு பிறக்கும். வில்லன் தேவையில்லை.

நாற்பது எபிக்கு ஒரு கணக்கு

எபிக்கு 1,200 முதல் 1,300 சொல், நாற்பது எபி என்று வைத்தால் ஏறக்குறைய 50,000 சொல். அச்சில் ஒரு முழு நாவலுக்குப் போதும். நம் ஊர் கல்யாண வருஷமே இதற்கு ஒரு சட்டகம் கொடுக்கிறது, அதை விட்டுவிட்டு வேறெங்கும் தேட வேண்டாம். வைகாசியில் கல்யாணம். ஆடியில் பல வீடுகளில் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஐப்பசியில் தலை தீபாவளி, அதுவும் பெண் வீட்டில்.

1 முதல் 4 வரை சந்திப்பும் கல்யாணமும். நான்காவது எபி முடிவதற்குள் தாலி ஏறியிருக்க வேண்டும். பெண் பார்க்கும் படலத்தையே எட்டு எபிக்கு இழுத்தால், வாசகர் தேடி வந்த கதை இன்னும் தொடங்கவே இல்லை. 5 முதல் 14 வரை ஒரே கூரையின் கீழே இரண்டு அந்நியர். இந்தப் பத்து எபிதான் நாவலின் உயிர், இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 15 முதல் 19 வரை ஆடிப் பிரிவு. பக்கத்தில் இருந்தபோது பேசாதவர்கள் போனில் பேசத் தொடங்கும் இடம் இது. முதல் நாள் "ரீச் ஆயிட்டீங்களா?" என்று ஒரே ஒரு மெசேஜ், பத்தாம் நாள் காரணமே இல்லாமல் ஒரு கால். 20வது எபியில் அவள் திரும்பி வருகிறாள். இந்தத் தடவை யாரும் கொண்டுவந்து விடவில்லை, அவளாகவே ஒரு நாள் முன்னதாக வருகிறாள். கல்யாணத்தை அவர்களுக்கு மற்றவர்கள் முடிவு செய்தார்கள். இதை அவள் முடிவு செய்கிறாள். நடுப்பகுதியில் வேண்டிய திருப்பம் இவ்வளவுதான்.

21 முதல் 28 வரை சந்தோஷம். இதை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். இவர்கள் சேர்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று வாசகர் எட்டு எபியாவது அனுபவித்திருந்தால்தான் பிறகு உடையும்போது வலிக்கும். 29ல் உடைவு, 33 வரை அதன் விளைவு, 34 முதல் 38 வரை சரிசெய்தல், கடைசி இரண்டும் முடிவு. உடைவு நாவலின் முக்கால் பங்கு நெருங்கும்போது வருவது நல்லது. பாதியிலேயே வந்தால் மீதி இருபது எபியும் அழுகையாகிவிடும். 36ல் வந்தால் மன்னிப்புக்கு இடம் இருக்காது.

ஒப்பந்தக் கல்யாணம் எழுதுபவர்கள் காலத்தில் கவனமாக இருக்க வேண்டும். "ஆறு மாசம் நடிப்போம், அப்புறம் டிவோர்ஸ்" என்ற வசனம் சட்டப்படி நிற்காது. இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் விவாகரத்து மனு போட விதிவிலக்கான காரணம் வேண்டும். பரஸ்பர சம்மதத்துக்கு ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் உள்ள ஆறு மாத இடைவெளியை மட்டும் நீதிமன்றம் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத்தை ஒரு வருஷம் என்று வைத்துப் பாருங்கள், ஆடியும் தீபாவளியும் பொங்கலும் தானாக உள்ளே வந்துவிடும்.

அந்தப் பத்து எபி

இங்கே பெரும்பாலும் நடப்பது இதுதான். அவன் பார்க்கிறான், அவள் இதயம் படபடக்கிறது, காபி கொடுக்கும்போது விரல் படுகிறது, மின்சாரம் பாய்கிறது. மறுநாள் அதே மின்சாரம். இதில் ஒருவரைப் பற்றி இன்னொருவர் புதிதாக எதையும் தெரிந்துகொள்ளவில்லை.

ஒவ்வொரு எபிக்கும் நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். இன்று யார் யாரைப் பற்றி என்ன தெரிந்துகொண்டார், அதற்காக யார் எதை விட்டுக்கொடுத்தார், அது மற்றவருக்குத் தெரிந்ததா இல்லையா. மூன்றும் காலியாக இருக்கும் எபியை எழுதாதீர்கள், அதில் எவ்வளவு நல்ல வசனம் இருந்தாலும் சரி. மூன்றாவது கட்டம்தான் வேகத்தைக் கையில் வைத்திருக்கிறது. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கும் வரை வாசகர் காத்திருப்பார். ஆனால் இரண்டு மூன்று எபிக்கு மேல் காக்க வைத்தால் சலித்துப்போகும்.

ஏழாவது எபி. மழை, ரயில் லேட். சுகன்யா ஸ்டேஷனை விட்டு வெளியே வருகிறாள். பிரபு பைக்கில் ரெயின்கோட்டோடு நிற்கிறான்.

"இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு. வாங்க."

அவள் ஏறிக்கொள்கிறாள். ரெயின்கோட்டின் உள்பக்கம்கூட நனைந்திருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றிருப்பான் என்று கணக்குப் போடுகிறாள். கேட்கவில்லை.

இதோடு எபியை முடித்துவிடலாம். "அவன் தனக்காகக் காத்திருந்தான் என்று அவளுக்குப் புரிந்தது, உள்ளம் நெகிழ்ந்தது" என்று அடுத்த வரி எழுதினால் காட்சி செத்துவிடும். பதில் எட்டாவது எபியில் வரட்டும். மறுநாள் அவள் கிளம்பும்போது, "இன்னிக்கும் ஏழரை ஆயிடுமுங்க. இந்தப் பக்கம் வேலை இருந்தா வாங்க" என்கிறாள். பொய் என்று தெரியும், அதைப் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டாள். ஒரு செயல், அதற்கு ஒரு பதில், பதில் வரும்போது தூரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பத்து எபிக்கு இப்படி நான்கு ஜோடி போதும். மீதி இடத்தில் மாமியார், வேலை, யூனிட் வரட்டும்.

எபியை யார் கண்ணில் எழுதுவது என்று குழம்பினால், அந்தக் காட்சியில் இழக்க அதிகம் இருப்பவர் கண்ணில் எழுதுங்கள். 1,200 சொல்லுக்குள் ஒரு தடவைக்கு மேல் கண் மாற்ற வேண்டாம். இருவர் மனசும் அந்தந்த வரியிலேயே திறந்து கிடந்தால் வாசகருக்கு ஊகிக்க எதுவும் மிச்சமிருக்காது.

நீங்க, நீ

நம் கையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதைப் பலர் கவனிக்காமல் வீணாக்குகிறார்கள். ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதே தூரத்தைச் சொல்லிவிடும். நான்காவது எபியில் "ஏய், நீ" என்று ஆரம்பித்து ஐந்தில் "நீங்க", ஆறில் "டா" என்று கைபோன போக்கில் மாற்றினால் அந்த வசதி போய்விடும். கொங்கு வீடு என்றால் இருவருமே "வாங்க, போங்க"வில் தொடங்கலாம். அவன் முதல் தடவை "நீ" என்று சொல்வது எந்த எபி என்று முன்கூட்டியே குறித்துவையுங்கள். அவள் அதைக் கவனிக்க வேண்டும், அவனுக்கே அது தெரியாமல் இருக்கலாம். உடைவுக்குப் பிறகு அவள் மறுபடி "நீங்க"வுக்குப் போனாலே ஒரு பக்கக் கண்ணீர் வசனம் மிச்சம்.

உடல் நெருக்கத்துக்கும் இதே கணக்குதான். முதல் முத்தம் 14லா 24லா என்பதைவிட, அதற்கு முன் என்ன நம்பிக்கை வந்திருக்கிறது என்று பாருங்கள். தாலி கட்டியதாலேயே உரிமை வந்துவிட்டதாக எழுதாதீர்கள். அவள் விருப்பம் தெரியாமல் நடக்கும் எதையும் காதல் காட்சியாக எழுதக்கூடாது. ஆன்டி ஹீரோ என்ற பெயரில் அறைவதும் மிரட்டுவதும் அடுத்த எபியிலேயே மன்னிக்கப்படுவதும் நிறைய வருகின்றன. அங்கே கதை அவளை ஏமாற்றுகிறது. வாசகரையும்தான்.

உடைவு எங்கிருந்து வரவேண்டும்

தவறான புரிதலை வைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரே ஒரு போன் காலில் தீர்ந்துவிடுமா? தீரும் என்றால் அது உடைவுக்கு ஆகாது. அவன் இன்னொரு பெண்ணோடு ஹோட்டலில் இருந்ததைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே பத்து எபி அழும் நாயகியை யாரும் நம்பமாட்டார்கள். உண்மை இருவருக்கும் தெரிந்த பிறகும் தீராத ஒன்று வேண்டும்.

திருப்பூரில் தீபாவளிக்கு முன் தொழிலாளிகளுக்கு போனஸ் கொடுத்தாக வேண்டும். சரக்கு வாங்கிய பையரிடமிருந்து பணம் வரவில்லை. பிரபு அவளிடம் சொல்லாமல் அவளுடைய சீர் நகையை அடகு வைக்கிறான், பணம் வந்ததும் திருப்பிவிடலாம் என்று. சீர் நகை சட்டப்படியும் மனைவியின் சொத்து. தலை தீபாவளிக்குக் கிளம்பும் அன்று ஆரத்தை எடுக்க பீரோ லாக்கரைத் திறக்கிறாள், பெட்டி காலி. அவன் உடனே ஒத்துக்கொள்கிறான். எதையும் மறைக்கவில்லை, ஆனால் முன்னால் சொல்லவும் இல்லை. அவன் செய்தது கெட்ட எண்ணத்தில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தும் தாங்க முடியவில்லை. முதலில் எழுதிய இரண்டு வரியும் இங்கே வந்து மோதுகின்றன. பிறந்த வீட்டில் எல்லோர் முன்னாலும் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில் இருவரும் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்பதால் காட்சி இன்னும் கனக்கும்.

சரிசெய்ய ஐந்து எபியாவது கொடுங்கள். நகையை மீட்டுக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகும், அவள் பயம் நேராகாது. கூடவே வைர மோதிரம் வாங்கிக் கொடுத்தால் இன்னும் மோசம். முதலில் அவன் காரணம் சொல்லாமல் தவறை ஏற்க வேண்டும். "தொழிலாளிங்களுக்காகத்தான் செஞ்சேன்" என்ற வசனத்தை அந்தக் காட்சியில் வெட்டிவிடுங்கள், அதை வேறொருவர் வேறொரு நாள் சொல்லட்டும். பிறகு அவன் மாறியதைச் செயலில் காட்ட வேண்டும், அந்தச் செயல் அவனுக்குக் கஷ்டமானதாக இருக்க வேண்டும். அடுத்த முறை யூனிட்டில் பணம் முடையும்போது கணக்கு நோட்டை அவள் முன்னால் விரித்து, "என்ன பண்ணலாம், சொல்லு" என்று கேட்கிறான். வாயை மூடி வாழ்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய காதல் வசனம் கிடையாது. கடைசியில் அவளாக ஒரு முடிவெடுக்க வேண்டும். மாமியார் நெஞ்சுவலியோ திடீர் கர்ப்பமோ அவளுக்காக முடிவெடுக்கக்கூடாது.

தொடரிலிருந்து புத்தகம்

பிளாஷ்பேக்கைப் பன்னிரண்டாவது எபிக்கு முன் திறக்க வேண்டாம், சேர்ந்தாற்போல் இரண்டு எபியைத் தாண்டவும் வேண்டாம். தொடரில் முந்தைய எபியை நினைவூட்ட மூன்று வரி எழுதியிருப்பீர்கள், கடைசி வரியில் அடுத்த எபியைத் திறக்கவைக்கும் கொக்கி போட்டிருப்பீர்கள். புத்தகமாக்கும்போது நினைவூட்டல் எல்லாம் போகட்டும், கொக்கிகளில் பாதி போகட்டும். அடுத்த எபியின் முதல் பத்தியிலேயே காற்று இறங்கிவிடும் கொக்கிகளை முதலில் வெட்டுங்கள். கமெண்டில் வாசகர் கேட்டதற்காகச் சேர்த்த காட்சிகளையும் மூன்று கட்ட நோட்டில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக எபிலாக். ஐந்து வருஷம் கழித்து இரட்டைக் குழந்தைகள் என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. குழந்தை வரலாம், தடையில்லை. அந்தக் காட்சியிலும் பழைய பயம் ஒருமுறை எட்டிப்பார்த்து, இருவரும் இந்தத் தடவை வேறு மாதிரி நடந்துகொள்வதைக் காட்டுங்கள். 800 சொல் போதும்.