பிக்கார்டின் ரெசிக்கன் குழல்: ஊதினால் ஒலிக்கும்படி செய்வது எப்படி?

'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் 1992 ஜூன் 1 அன்று ஒளிபரப்பான 'தி இன்னர் லைட்' பகுதியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குழல் மறக்காது. அழிந்துபோன கட்டான் உலகத்தின் நினைவாக, அங்கிருந்த ரெசிக் என்ற ஊரின் பெயரோடு, விண்கலக் கேப்டன் பிக்கார்டின் கைக்கு வந்துசேருவது அது. படப்பிடிப்பில் பயன்பட்ட குழல் 2006இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் கட்டணம் உட்பட 48,000 டாலருக்குப் போனது. ஆனால் அதை வாசிக்க முடியாது. ஊமைக் குழலுக்கு நகல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்த மக்களின் வாழ்வு பிக்கார்டிடம் இசையாகத்தானே தங்கியது!

1. ஆறு துளையுள்ள பித்தளை டின் விசில் (நுனியில் ஊதும் சிறு உலோகக் குழல்) ஒன்று வாங்குங்கள். டி சுருதி, அதாவது இரண்டு கட்டை, போதும். நிக்கல் பூச்சு உள்ளது வேண்டாம், நிறம் பொருந்தாது.

2. பிளாஸ்டிக் ஊதுவாயைக் கழற்றுங்கள். இங்கேதான் என் முதல் குழல் பாழானது. பித்தளைமேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் இருக்கும். அதை நீக்க, ஊதுவாயைக் கழற்றாமலே அசிட்டோனால் துடைத்தேன். ஒரு சொட்டு வழிந்து, காற்றைப் பிளக்கும் கூர்விளிம்பைக் கரைத்துவிட்டது. அதன்பின் வெறும் காற்றுதான் வந்தது. ஆகவே ஊதுவாய்ப் பகுதியை மட்டும் வெந்நீரில் இரண்டு நிமிடம் அமிழ்த்துங்கள். கொதிக்கும் நீர் கூடாது, பிளாஸ்டிக் கோணிவிடும். பசை இளகியதும் துணியால் பிடித்து மெல்லத் திருகினால் வந்துவிடும்.

3. இப்போது குழாயை மட்டும், ஜன்னலைத் திறந்துவைத்து, அசிட்டோனால் துடையுங்கள். பிறகு புளியும் உப்பும் போட்டுத் தேயுங்கள். கடையில் விற்கும் பாலிஷைவிடப் புளியே எனக்குப் பிடித்தது. அளவுக்கு மீறிப் பளபளக்காது. மறுபடி வார்னிஷ் அடிக்காதீர்கள். கைபட்டுக் கருக்கும்போதுதான் பழைய பொருளின் தோற்றம் வரும்.

4. ஊதுவாய்க்குப் பித்தளை நிறப் பெயிண்ட். உதடு படும் இடம், காற்றுவழி, கூர்விளிம்பு மூன்றையும் காகித டேப்பால் மூடிவிட்டுச் சிறு தூரிகையால் பூசுங்கள். ஸ்பிரே வேண்டாம், எங்கேயாவது உள்ளே புகுந்துவிடும்.

5. ஊதுவாயை மாட்டி, இளம்பழுப்புக் குஞ்சத்தைக் குழாயின் அடியில் நூலால் சுற்றிக் கட்டுங்கள். குஞ்சம் கோக்கத் துளை போடாதீர்கள், அடிச்சுரம் ஏறிவிடும்.

பின்னர் சேர்த்தது: செய்துபார்த்த இருவர், சுருதி சற்று ஏறி நிற்பதாக எழுதியிருந்தார்கள். ஊதுவாயை முழுவதும் அழுத்தாமல் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வெளியே விடுங்கள். குழலைக் கையில் சூடாக்கி, சில நிமிடம் ஊதிய பிறகே சுருதி பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் பென்சிலால் ஒரு கோடு. பசை போட வேண்டாம். மழைக்காலத்திலும் கோடையிலும் அந்த இடம் சிறிது நகரும்.