புரை ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சா, இனிமேதான் உங்க வேலை

அம்மாவுக்கு போன தை மாசம் வலது கண்ணுல புரை ஆபரேஷன். உள்ள போயி கொஞ்ச நேரத்துல வெளிய வந்துட்டாங்க, மறுநாள் கட்டைப் பிரிச்சதும் "நம்ம வீட்டு செவுரு இவ்ளோ வெள்ளையாடா"ன்னு கேட்டாங்க. சரி முடிஞ்சுதுன்னு நெனச்சேன். எங்க, அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கு மேல சொட்டு மருந்து, அதை டாக்டரா வந்து போடுவாரு, நாமதான் போடணும்.

மொத நாள் நானே போட்டுக்கறேன்னாங்க. பக்கத்துல நின்னு பாத்தா பாட்டில் மூக்கு இமை முடியில இடிக்குது, மருந்து கன்னத்துல வழியுது, முந்தானையால தொடச்சுட்டு "ஆச்சு"ங்கறாங்க. அப்படி இடிச்சா பாட்டில் மூக்குல கிருமி ஒட்டிக்கும், அப்புறம் அதே பாட்டில்தான் திரும்பத் திரும்ப கண்ணுக்குள்ள போகுது.

அதனால வேற ஆள் போடறது நல்லது. கைய சோப்பு போட்டு கழுவிட்டு, அவங்கள படுக்க வெச்சு, மோட்டுவளையப் பாக்கச் சொல்லுங்க. கீழ் இமைய மெதுவா கீழ இழுத்தா சின்ன பை மாதிரி பள்ளம் தெரியும், சொட்டு அதுல விழணும், நேரா கருவிழி மேல விட்டா டக்குனு கண்ண இறுக்கிக்குவாங்க. ஒரு சொட்டு போதும், அதுக்கு மேல கண்ணுல தங்காது, வழிஞ்சு வீணாத்தான் போகும். கண்ண மூடச் சொல்லிட்டு மூக்கு ஓரமா, எலும்பு பக்கம் மட்டும், ஒரு நிமிஷம் லேசா அமுத்துங்க, மருந்து தொண்டைக்கு எறங்கி கசக்கறது கொறையும். கண்ணு மேல கை படவே கூடாது.

ரெண்டு மருந்து இருந்தா நடுவுல அஞ்சு நிமிஷம் விடணும், இல்லன்னா ரெண்டாவது வந்து மொதல்ல போட்டத அடிச்சுட்டு போயிடும். பால் மாதிரி கலங்கலா இருக்கற மருந்த நல்லா குலுக்கிட்டுதான் போடணும். இத எனக்கு யாருமே சொல்லல, பாட்டில்ல பொடி எழுத்துல இருந்தத படிச்சு நானே தெரிஞ்சுகிட்டேன்.

வேளைக் கணக்கு வாரா வாரம் கொறையும், அத காலண்டர்ல எழுதி டிக் அடிங்க. கண்ணுதான் நல்லா தெரியுதேன்னு பாதியில நிறுத்தாதீங்க, உள்ள அழற்சி திரும்ப வரலாம். அதே மாதிரி தீந்துபோச்சுன்னு மெடிக்கல்ல இன்னொன்னு வாங்கி மாசக்கணக்கா போடறதும் தப்பு, அதுல பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், சிலருக்கு கண் அழுத்தம் ஏறிடும்.

தலைக்கு ஊத்தறது, குடம் தூக்கறது, கண்ணக் கசக்கறது எல்லாம் டாக்டர் சொல்ற வரைக்கும் வேண்டாம். தூக்கத்துல கை தானா போகும்ங்கறதால ராத்திரி கண்ணு மேல பிளாஸ்டிக் மூடி ஒட்டிட்டுதான் படுக்கணும். எதிர்வீட்டு அத்தை கண்ணுல வெச்சா நல்லதுன்னு நந்தியாவட்டை பூவோட வந்தாங்க, பாசம்தான், ஆனா அது சாமி படத்துக்கு போயிடுச்சு.

வலி கூடுது, செவப்பு ஏறுது, நேத்து தெரிஞ்சது இன்னிக்கு மங்குது, மின்னல் வெட்டுது, ஓரத்துல திரை விழுந்த மாதிரி இருக்குது, இதுல ஒன்னு இருந்தாலும் ரிவ்யூ தேதிக்கு காத்திருக்காம அன்னிக்கே ஓடுங்க. கண்ணுக்குள்ள கிருமி போயிருந்தா ஒவ்வொரு மணி நேரமும் கணக்குதான்.

மாசக்கணக்கு, வருஷக்கணக்கு கழிச்சு மெதுவா மங்கினா அது வேற, புரை திரும்பி வராது, ஆபரேஷன்ல வெச்ச லென்சுக்குப் பின்னாடி இருக்கற ஜவ்வு மங்கியிருக்கலாம். காட்டினா லேசர்ல சில நிமிஷத்துல சரி பண்ணிடுவாங்க.

அடுத்து அப்பாவுக்கு பண்ணணும். அவரு யூரின் பிரச்சனைக்கு டாம்சுலோசின் மாத்திரை போடறாரு, அது ஆபரேஷன் நேரத்துல கண்மணியச் சுத்தி இருக்கற திரைய தொளதொளன்னு ஆக்கும்ங்கறதால முன்னாடியே கண் டாக்டர்கிட்ட சொல்லியாகணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்களும் சொல்லணும், நாமளா நிறுத்தக்கூடாது.

இப்ப அம்மா தினமும் காலண்டர் தாள் கிழிக்கறப்ப ஒரு கண்ணப் பொத்திகிட்டு ராகு காலம் படிக்கறாங்க, அப்புறம் மறு கண்ணு. நேத்து இடது கண்ணால படிச்சப்ப மூணு எட்டாத் தெரிஞ்சுதாம், அந்தக் கண்ணுக்கும் தேதி வாங்கியாச்சு.