காய்ச்சல் காலத்துல பயம் பிடிச்சா விசுவாசத்தோட எப்படி தாண்டறது

ஏதோ புது காய்ச்சல் பரவுதுன்னு டிவில கீழ எழுத்து ஓட ஆரம்பிச்சாலே போதும், எங்க சபைல பாதி பேருக்கு 2021 மே மாசத்து கொரோனா ரெண்டாவது அலை திரும்பி வந்துடுது. வேலூர்ல அந்த மாசம் இருந்தவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல, ராப்பகலா ஆம்புலன்ஸ் சத்தம், ஆக்சிஜன் பெட்டுக்கு போன் மேல போன், சர்ச் பூட்டிக்கெடக்கு, கூடப்பொறந்தவங்க அடக்கத்துக்குக்கூட போக முடியல. அப்போ எங்க ஜெபக்குழுல தெனம் போன்லயே ஒருத்தரை ஒருத்தர் தாங்கினோம், யாருக்கு எது உதவுச்சு எது உதவலன்னு கூட இருந்து பார்த்தேன். அதை வெச்சு எழுதறேன், டெங்கு சீசனோ வேற எதுவோ, நாளைக்கு ஒருத்தருக்கு உதவட்டும்.

முதல்ல, பயம் வந்துட்டா அதை பாவம்னு நினைச்சு மறைக்காதீங்க. நம்ம ஆளுங்க கிட்ட இது பெரிய பிரச்சனை, "விசுவாசிக்கு என்னம்மா பயம்"னு யாராவது ஒரு வார்த்தை சொல்லிடுவாங்க, அதுக்கப்புறம் அந்த அக்கா வாயே திறக்க மாட்டாங்க, உள்ளயே வெச்சு புழுங்குவாங்க. சங்கீதம் 56 எடுத்துப் பாருங்க, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்"னு தாவீது சொல்றார். பயப்படுற நாள் ஒண்ணு உண்டுன்னு ஒத்துக்கிட்டுதான் ஜெபத்தையே ஆரம்பிக்கறார். கெத்செமனேல நம்ம ஆண்டவரே வியாகுலப்பட்டார், அவர் வேர்வை ரத்தத்தின் பெருந்துளிகளா விழுந்ததுன்னு லூக்கா எழுதறார். அதனால ஜெபம் பண்ணும்போது "ஆண்டவரே எனக்கு பயமா இருக்கு, அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு"ன்னு எதுக்கு பயம்னு பேர் சொல்லி சொல்லுங்க, பொத்தாம்பொதுவா சொன்னா மனசு லேசாகாது.

அடுத்து 91-ஆம் சங்கீதம். கொரோனா டைம்ல அதை எழுதி வாசக்கதவுல ஒட்டாத கிறிஸ்தவ வீடு எங்க தெருவுல இல்ல. ஒட்டறதுல தப்பே இல்ல, எனக்கும் ரொம்ப பிடிச்ச சங்கீதம். ஆனா "வாதை உன் கூடாரத்தை அணுகாது"ன்னு இருக்கு, அதனால எனக்கு மாஸ்க் வேணாம் ஊசி வேணாம்னு ஒரு சிலர் கிளம்பினாங்க பாருங்க, அவங்க மத்தேயு 4 படிக்கணும். பிசாசு ஆண்டவரை தேவாலயத்து உப்பரிகை மேல நிறுத்தி கீழ குதின்னு சொல்லும்போது எடுத்துக்காட்டின வசனமே இந்த 91-ஆம் சங்கீதம்தான். அதுக்கு ஆண்டவர், உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாகன்னு பதில் சொன்னார். எசேக்கியா ராஜா சாகக் கெடந்து அழுது ஜெபம் பண்ணார், 15 வருஷம் ஆயுசு கூட்டித் தர்றேன்னு கர்த்தரே வாக்கு குடுத்துட்டார், அப்புறமும் ஏசாயா என்ன சொன்னார், அத்திப்பழத்து அடையை கொண்டுவந்து பிளவையின் மேல பத்துப்போடுங்கன்னு. வாக்குத்தத்தமும் மருந்துப் பத்தும் ஒரே அதிகாரத்துல இருக்கு. தனிமைப்படுத்தறதும் புதுசு இல்ல, லேவியராகமம் 13-லயே ஏழு நாள் அடைச்சு வெச்சு பார்க்கச் சொல்லியிருக்கு. மருந்து சாப்பிடறவங்களை விசுவாசக் குறைவுன்னு யாராவது சொன்னா சண்டை போடாதீங்க, ஏசாயா 38-ஐ பொறுமையா படிச்சுக் காட்டுங்க.

இப்போ நடைமுறை. பயம் பெரும்பாலும் ஒரு பொருள் மேல வந்து உக்காந்துக்கும், அந்தப் பொருள் எதுன்னு கண்டுபிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பெரியம்மா, சத்துவாச்சாரில தனியா இருக்கறவங்க, லேசான காய்ச்சல்தான், ஆனா ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்டற, விரல்ல மாட்டற ஆக்சிமீட்டரை கழட்டவே மாட்டாங்க. 96 காட்டும், திருப்பி பார்த்தா 95, விரலை மாத்தினா 93, உடனே எனக்கு போன், "ஏம்மா கொறைஞ்சுகினே வருது, இன்னா ஆவுமோ தெரியலியே". விசாரிச்சா கையில அடர்த்தியா மருதாணி, அதுவும் ஏசி போட்டு கை ஜில்லுனு. மருதாணி, நெயில் பாலிஷ், சில்லுனு இருக்கற விரல் எல்லாமே அந்த மெஷினை தப்பா காட்ட வைக்கும். கையைத் தேய்ச்சு சூடாக்கி மருதாணி இல்லாத விரல்ல வைக்கச் சொன்னோம், 97. அப்புறம் டாக்டர் கிட்ட கேட்டு ஒரு ஒழுங்கு வெச்சோம், காலைல மதியம் சாயங்காலம் மூணு வேளை, அஞ்சு நிமிஷம் அமைதியா உக்காந்து பார்த்து நோட்டுல எழுதணும், 94-க்கு கீழ நின்னுச்சுன்னா இல்ல மூச்சு வாங்குச்சுன்னா அந்த நிமிஷமே 108, மத்த நேரம் மெஷின் பீரோல. எடுக்கணும்னு கை துடிக்கும்போதெல்லாம் ஒரு வசனம், இல்ல ஒரு கீர்த்தனை ஒரு சரணம் பாடணும். முதல் நாள் ரொம்ப கஷ்டப்பட்டாங்க, பீரோ சாவியை கையிலயே வெச்சுகினு இருந்தேன்னு சொன்னாங்க, போகப்போக பழகிடுச்சு. இதுல ஜெபமும் இருக்கு மருத்துவமும் இருக்கு, ரெண்டையும் பிரிக்கணும்னு எனக்குத் தோணல.

ராத்திரிக்கு தனியா சொல்லணும். ராத்திரி 2 மணிக்கு வர்ற யோசனை எதையும் முடிவா எடுத்துக்காதீங்க. நம்ம ஊர்ல டாக்டர் பால் பிராண்ட்னு ஒருத்தர் இருந்தார், 1914-ல கொல்லிமலைல மிஷனரி வீட்ல பொறந்தவர், 1946-ல வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கு வந்து தொழுநோயாளிங்களோட மடங்கின கையை ஆபரேஷன் பண்ணி நிமிர்த்தினவர். அந்த வியாதி சுலபமா ஒட்டாதுன்னு ஊருக்கே சொன்ன மனுஷன். அவரே ஒரு தடவை லண்டன்ல ஹோட்டல் ரூம்ல ராத்திரி ஷூ சாக்ஸ் கழட்டும்போது குதிகால்ல உணர்ச்சியே இல்லாததைப் பார்த்து ஊசியால குத்திப் பார்த்தார், வலிக்கல. நமக்கும் தொழுநோய் வந்துடுச்சு, இனி குடும்பத்தை விட்டு ஒதுங்கணும்னு ராத்திரி பூரா தூங்காம கிடந்தார். விடிஞ்சதும் மறுபடி குத்தினார், வலி தாங்காம கத்திட்டார். ரயில்ல ரொம்ப நேரம் அசையாம உக்காந்து வந்ததுல நரம்பு மரத்துப்போயிருக்கு, அவ்வளவுதான். இத்தனை தெரிஞ்ச, இத்தனை விசுவாசமுள்ள ஒருத்தருக்கே ராத்திரி அப்படி இருந்துச்சுன்னா நமக்கு வர்றதுல ஆச்சரியம் என்ன. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி மாதிரி அவசரம்னா நேரம் பார்க்காம கிளம்புங்க, மத்ததெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுட்டு "ஆண்டவரே காலைல பார்த்துக்கலாம்"னு அவர் கையில குடுத்துடுங்க.

அப்படியும் தூக்கம் வரலன்னா மூச்சோட சேர்த்து வசனம் சொல்லுங்க. மெதுவா இழுக்கும்போது மனசுக்குள்ள "நான் பயப்படுகிற நாளில்", அதைவிட மெதுவா விடும்போது "உம்மை நம்புவேன்". மூச்சை நிதானமா நீட்டி விட்டா படபடப்பு கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். நீளமா ஜெபம் பண்ண தெம்பு இல்லாத நாள்ல இதுவே ஜெபம்.

சாப்பாடும் தூக்கமும் விடாதீங்க. எலியா பயந்து ஓடி சூரைச்செடி கீழ படுத்து சாகணும்னு கேட்டப்போ தேவதூதன் பிரசங்கம் பண்ணல, தட்டி எழுப்பி எழுந்து புசின்னு அடையும் தண்ணியும் குடுத்தான், மறுபடி படுக்கவும் விட்டான்.

வாட்ஸ்அப் பத்தி சுருக்கமா. குடும்ப குரூப், சபை குரூப் எல்லாத்தையும் மியூட்ல போடுங்க, நியூஸ் ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும், யார் சொன்னதுன்னு தெரியாத வாய்ஸ் மெசேஜை, அது ஜெபத்தோட ஆரம்பிச்சாலும், அனுப்பாதீங்க.

இனி நான் முக்கியமா நினைக்கறது. "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்"னு யோவான் எழுதினதை ஏதோ உணர்ச்சின்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம், ஆனா ஒருத்தருக்கு ஒரு வேலை செய்யக் கிளம்பினா அது எப்படி நடக்குதுன்னு கண்ணால பார்க்கலாம். 2020 லாக்டவுன்ல சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம்காரங்க எத்தனையோ பேர் பக்கத்து லாட்ஜ்ல மாட்டிக்கிட்டாங்க, கையில காசு தீர்ந்துபோச்சு, பாஷையும் தெரியாது, மே மாசம் காட்பாடில இருந்து ஸ்பெஷல் ட்ரெயின் விடற வரைக்கும் அப்படித்தான். அவங்களுக்கு அரிசி பருப்பு கட்டிக் குடுத்தவங்கள்ல எங்க சபையில ரொம்ப பயந்த சுபாவம்னு பேர் வாங்கின ஒரு அண்ணனும் இருந்தார். மாஸ்க் போட்டு, தள்ளி நின்னு, வெச்சுட்டு நகர்ந்துடுவார், ஒரு விதி மீறல, ஆனா அந்த வேலை ஆரம்பிச்சதுல இருந்து ராத்திரி போன் பண்ணி "எனக்கு தொண்டை கரகரன்னு கீது"ன்னு சொல்றது நின்னுபோச்சு. உங்களால வெளிய போக முடியலன்னா பரவால்ல, தனியா இருக்கற ரெண்டு பேருக்கு தெனமும் ஒரே நேரத்துக்கு போன் பண்ணுங்க, சாப்பிட்டீங்களா, மாத்திரை இருக்கான்னு கேளுங்க, ஒரு சங்கீதம் படிச்சுட்டு வெச்சுடுங்க. பக்கத்து வீட்டுக்கு ரசம் சாதம் கட்டி கேட்ல மாட்டிட்டு வாங்க, அவங்க எந்த மதம்னு பார்க்காதீங்க.

ஜெபிச்சும் இறந்துபோனவங்க உண்டு. அந்த வீட்ல போய் "இன்னும் கொஞ்சம் விசுவாசமா ஜெபிச்சிருந்தா"ன்னு தயவுசெஞ்சு யாரும் வாயெடுக்காதீங்க, அந்த வார்த்தையை சுமந்துக்கிட்டு இன்னைக்கும் சபைக்கு வராத பிள்ளைங்களை எனக்குத் தெரியும், நெஞ்சு பதறுது. லாசருவை எழுப்பப் போறார்னு தெரிஞ்சும் இயேசு கண்ணீர் விட்டார். கூட உக்காந்து அழுங்க. துக்கத்துல இருக்கறவங்க சங்கீதம் 13 படிக்கலாம், "எதுவரைக்கும்"னு திரும்பத் திரும்ப கேக்கறதும் ஜெபம்தான், 88-ஆம் சங்கீதம் இருள்லயே முடியுது, அதையும் கர்த்தர் வேதத்துல வெச்சிருக்கார்.

இத்தனையும் செஞ்சும் ரெண்டு வாரத்துக்கு மேல பயம் விடலன்னா, தூக்கமே இல்ல, நெஞ்சு படபடன்னு அடிக்குது, வேலைக்குப் போக முடியல, உயிரோட இருக்கவே வேணாம்னு தோணுதுன்னா (இந்தக் கடைசி யோசனை வந்தா ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே), அரசாங்கத்தோட மனநல உதவி போன் டெலி மானஸ் 14416-க்கு போன் பண்ணுங்க, காசு இல்ல, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நம்ம மாநிலத்து சுகாதார உதவி எண் 104-லயும் பேசலாம். மனநல டாக்டரைப் பார்க்கறது சுகர் டாக்டரைப் பார்க்கற மாதிரிதான், தனியா போக கூச்சமா இருந்தா பாஸ்டரம்மாவையோ ஜெபக்குழுல நம்பிக்கையான ஒருத்தரையோ கூட்டிட்டுப் போங்க, முதல் தடவை ஓபி சீட்டு போடற வரைக்குமாவது பக்கத்துல நிக்கச் சொல்லுங்க.