முட்டை கெடுவது இயந்திரத்தில் மட்டுமல்ல

முப்பது முட்டை வைத்து ஆறு குஞ்சு மட்டும் வெளிவந்தால் எல்லோரும் முட்டை பொரிக்கும் இயந்திரமான இன்குபேட்டரைத்தான் திட்டுகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் ஊர் வெயிலில் பல கருக்கள் இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நலிந்துவிடுகின்றன.

பார்க்காமலே குப்பைக்குழியில் எறிவது முதல் தவறு. ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திக்கால் போல நரம்புகள் பரவியிருந்தால் கரு வளர்கிறது. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு உண்டாகி இறந்துவிட்டது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கருக்கூடாத முட்டை. அதற்குச் சேவலைத்தான் கவனிக்க வேண்டும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவல் வேண்டும். கிழச்சேவலையே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் இயந்திரம் என்ன செய்யும்?

சிவப்பு வளையம் நிறைய வந்தால் முட்டையைச் சேர்த்து வைத்த இடத்தைச் சந்தேகியுங்கள். கரு உறக்கத்தில் இருக்க 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும். சூடு அதற்கு மேல் வெகுவாகக் கூடினால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கும். அப்படித் தொடங்கித் தடுமாறும் கரு பிழைப்பது அரிது. சித்திரையில் நம் அடுப்படி அலமாரியில் 35 டிகிரிக்குக் குறையாது. அங்கே பத்து நாள் கூடையில் சேர்த்துவிட்டு ஒரே நாளில் அடைவைப்பது பெரிய இழப்பு. அதற்காகக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தாலும் கரு கெடும்; அங்கே 4 டிகிரி. ஈரமணல் நிரப்பிய மண்பானையின் மேல், ஈரம் முட்டையில் படாதபடி துணி விரித்து, கூர்முனை கீழிருக்குமாறு வையுங்கள். குளிர்காலத்தில் ஏழு நாள் வரை சேர்க்கலாம். கோடையில் நான் மூன்று நாளுக்கு மேல் சேர்ப்பதில்லை. இட்ட தேதியைப் பென்சிலால் முட்டையிலேயே எழுதிவிடுகிறேன்.

அடுத்தது, இயந்திரத்தை வைக்கும் அறை. சாதாரண இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. தகரக் கொட்டகையில் 40 டிகிரி அடிக்கும்போது சூடேற்றும் பல்பு அணைந்தே இருந்தாலும் உள்ளே முட்டை வெந்துகொண்டுதான் இருக்கும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய கனத்த சுவர்கள் உள்ள வீடுகள் இங்கே இருக்கின்றன. அவற்றின் உட்பகுதியான இரண்டாம் கட்டு அறையை விட்டுவிட்டுக் கொட்டகையைத் தேடுவானேன்? முற்றத்து வெயில் மட்டும் நேராக விழக் கூடாது.

இயந்திரத்தின் திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டரை முட்டைகளுக்கு நடுவே வைத்து ஒப்பிடுங்கள். விசிறி உள்ள இயந்திரத்தில் 99.5 முதல் 100 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். மின்தடையில் ஒரு மணி நேரம் சூடு குறைவதை முட்டை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அதிகச் சூட்டைத் தாங்காது. ஆகவே மின்சாரம் நின்றால் பதறித் திறக்காமல் மூடியே வையுங்கள்.

முட்டையைக் கழுவாதீர்கள், ஓட்டின் மேல் இருக்கும் இயற்கைப் பூச்சு போய்க் கிருமி நுழையும். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்த முட்டையை ஒரு நாள் அசையாமல் வைத்த பிறகே அடைவையுங்கள். தானாகத் திருப்பாத இயந்திரமானால் நாளுக்கு ஐந்து முறை கையால் திருப்புங்கள். இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்துங்கள். ஈரப்பதம் அதுவரை 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65க்கு மேல். முதல் நாளிலிருந்தே தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றினால், முட்டைக்குள் காற்றறை பெரிதாகாமல் குஞ்சு கடைசியில் மூச்சுத்திணறிச் சாகும்.

நடு நாள்களில், வளர்ந்த கருவாக இறந்தவை மிகுதியாக இருந்தால் தாய்க்கோழியின் தீனியைப் பாருங்கள். வெறும் நொய்யும் சோறும் தின்கிற கோழியின் முட்டையில் கருவுக்கு வேண்டிய வைட்டமின் இருக்காது. எங்கள் கோழிகளுக்கு இப்போது முருங்கைக்கீரையும் கரையானும் சேர்த்துக் கொடுக்கிறோம்.